ஜெனியின் நாக்கில் வைத்த தேன்

வின்சென்ட் கண்ணா,

நல்ல சேதிகளை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு எழுதத் தெம்பு இருக்காது. உன் அக்கா மகன் டேவிட் சி.ஏ. படிப்பில் இரண்டாம் கட்டப் பரீட்சையை முதல் தடவையிலேயே பாஸ் செய்துவிட்டான். அவன் தங்கை ரீனாவை ஹாக்கியில் ஸ்டேட் டீமுக்கு எடுத்திருக்கிறார்கள். பேப்பரில் படம் வந்தது, மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், முட்டியில் ஒரு காயம், அதுவும் அவளுக்கு அழகாகத்தான் இருக்கிறது. உன் சித்தப்பா பேரன் பிரவீன் பி.யு.சி.யில் கன்னடப் பாடத்தில் காலேஜுக்கே முதல் மார்க். வீட்டில் மூச்சு விடாமல் தமிழ் பேசுகிற பையன்! அவனுடைய மிஸ் "நிம்ம மனெ மாத்து தமிளா?" என்று, வீட்டுப் பேச்சு தமிழா என்று, கேட்டுக் கேட்டு ஆச்சரியப்பட்டாளாம். நீ நம் குடும்பத்தின் முதல் இன்ஜினியர். அதை உனக்கே எழுத வேண்டியதில்லை, ஆனாலும் எழுதாமல் என் கை நகராது.

இந்தப் பட்டியலை நான் எத்தனை பேரிடம் ஒப்பித்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். கோயில் வாசலில், ரேஷன் கடையில், ஆட்டோவில் ஏறினால் ஆட்டோக்காரரிடம். ஒப்பித்து முடித்ததும் கடைசியில் ஒரு வரி கட்டாயம் வரும்: "இதுங்க எல்லாத்துக்கும் சேனை வெச்சது நான்தான்." பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் சண்டைக்காரிக்கும் சோம்பேறிக்கும் அந்த வேலையைக் கொடுக்க மாட்டார்கள். நீ பிறந்தபோது என் மாமியார் தேன் கிண்ணத்தை என்னிடமே நீட்டி, "அஞ்சாங்கிளாஸ் படிச்சவ இந்த வீட்ல நீதான். நீயே வெய்யி" என்றாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெரிய படிப்பு. அதற்குப் பிறகு உன் அக்கா பிள்ளைகள், பிரவீன், தெருவில் பாதிப் பிள்ளைகள் என்று எல்லா நாக்கிலும் என் விரல்தான். அதே விரலால்தான் இப்போது இந்தப் பேனாவையும் பிடித்திருக்கிறேன்.

போன வியாழக்கிழமை நீ போன் செய்தாய். ஜெனிக்கு அடுத்த மாதம் ஒரு வயது; கேக்கில் வெள்ளைச் சர்க்கரை வேண்டாம் என்று நீயும் ஷீலாவும் முடிவு செய்திருப்பதாகச் சொன்னாய். "தேன் ஊத்தலாமா, வெல்லப்பாகா, இல்ல பேரீச்சம்பழ சிரப்பா? எதைப் பாத்து வாங்கறது, எப்படி வெச்சுக்கறது? உனக்குத்தாம்மா இதெல்லாம் தெரியும்" என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த வருஷம்தான் குடும்பத்தோடு புனேக்கு மாறிப்போய் அத்தனை பெரிய கம்பெனியில் வேலை செய்கிற மகன், பாகு விஷயத்தில் என்னைக் கேட்கிறான்! அதன் பிறகு நீ சிரித்துக்கொண்டே, "ஷீலா அம்மாகிட்ட கேட்டா பேஜாரு. இன்னொரு பாட்டில் தேன் குடுத்தனுப்புவாங்க" என்றாய். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் நான் சிரித்த சத்தம் என் காதில் விழுந்தது. இப்படிச் சிரிக்கிறவளா நான்?

வின்சென்ட், ஜெனிக்குத் தேன் கொடுத்தது உன் மாமியார் ஸ்டெல்லா இல்லை. நான். உன்னைப் பெற்ற நான்.

இதை நீ தனியாகப் படிக்காதே. ஷீலாவைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சத்தமாகப் படி. உன் அக்கா வீட்டில் எல்லாரையும் கூட்டி வைத்து வாசித்துக் காட்டிவிட்டுத்தான் நான் இதைத் தபாலில் போடப்போகிறேன். ஒருத்தி பேரை ஊரறியக் கெடுத்துவிட்டு, ஒட்டின கவருக்குள் அதைச் சரிசெய்ய முடியாது.

ஷீலா ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டாள். "அத்தை, ஒரு வயசு ஆகற வரைக்கும் தேன் கூடாது. சக்கரத் தண்ணியும் வேணாம். பால் மட்டும்தான்." அவள் டீச்சர் இல்லையா, வகுப்பில் சொல்வதுபோல மெதுவாக, தமிழில், என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். ஃபிரிட்ஜ் மேல் இங்கிலீஷில் எழுதி ஒட்டியதெல்லாம் பிறகுதான். அதைப் படிக்கத் தெரியவில்லை என்று தப்பிக்க எனக்கு வழியே இல்லை. "சரிம்மா" என்று தலையாட்டினேன். உள்ளுக்குள், இரண்டு பிள்ளையை வளர்த்தவளுக்கு இவள் பாடம் நடத்துகிறாளா என்று பொருமினேன். பிரசவம் முடிந்து மூன்று மாதம் பிள்ளை ஜீவனஹள்ளியில் ஸ்டெல்லா வீட்டில் இருந்தது. அந்த மூன்று மாதமும் எனக்கு ஒரே குறை. சேனை வைக்காத பிள்ளை யார் குணத்தோடு வளரும்? யாரைச் சொல்லி நான் பெருமைப்படுவேன்? என் கவலை பிள்ளையைப் பற்றியது என்று அப்போது நினைத்தேன். அது முழுக்க என்னைப் பற்றியது.

ஞானஸ்நானத்தன்று ஸ்டெல்லா ஒரு தேன் பாட்டில் கொண்டுவந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். கோயில் பெண்களோடு குடகுக்குப் போனபோது வாங்கியது, மூடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் சீல் போட்டது. என் கையில் கொடுக்கும்போது அவள் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய். நீ அந்தப் பக்கம் கேக் வெட்டிக்கொண்டிருந்தாய். "அக்கா, இது உங்க டீக்கு. பாப்பா கிட்ட கொண்டுபோனீங்க, என் பொண்ணு ரெண்டு பேரையும் கொன்னுடுவா" என்று சொல்லிச் சிரித்தாள். நீ கேட்கவில்லை. நான் கேட்டேன். அந்தப் பாட்டிலை வாங்கி மேல் தட்டில் வைத்ததோடு சரி, நான் தொடவே இல்லை. தொடாததற்குக் காரணமும் என் திமிர்தான். லேபிள் ஒட்டின தேன் என் பேத்தி நாக்குக்கா?

தேன் வாங்குவதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று எனக்கு ஒரு பேர் உண்டு. இங்கே நம் சிவாஜிநகர் மார்க்கெட் பக்கம் ஒருவர் அடையோடு வைத்துக்கொண்டு "ப்யூர் இதெ, நோடி அம்மா" என்றார். நோடாமல், சோதித்துப் பார்க்காமல் விடுவேனா? பக்கத்து டீக்கடையில் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டு வாங்கி ஒரு சொட்டு விட்டேன். கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தது. செய்தித்தாளில் ஒரு சொட்டு, ஊறவில்லை. தீக்குச்சியை முக்கி உரசினேன், பற்றிக்கொண்டது. சுற்றி நாலு பேர் கூடி வேடிக்கை பார்த்தார்கள். மூன்று பரீட்சையிலும் பாஸ், என் பேரப்பிள்ளைகளைப் போல. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, யாரும் தேன் என்று நினைக்காதபடி என் பழைய டானிக் பாட்டிலில் ஊற்றி, கைக்கு எட்டுகிற இடம் என்று ஜெனியின் கிரைப் வாட்டர் பக்கத்தில் வைத்தேன்.

ஜெனி நம் வீட்டுக்கு வந்த நாலாம் நாள், ஷீலா குளிக்கப் போயிருந்தாள். விரலில் தொட்டு அவள் நாக்கில் வைத்தேன். சப்புக்கொட்டிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள் பார், அந்தச் சிரிப்புக்காக மறுநாளும் வைத்தேன். அதற்கு மறுநாளும். பிறகு ஒரு வாரம் போல நன்றாகத்தான் இருந்தாள். அதன் பிறகு மூன்று நாள் அவள் வெளிக்குப் போகவில்லை. ஷீலா பயந்துபோய் டாக்டருக்குப் போன் செய்யலாமா என்று கேட்டாள். "வாயுதாம்மா, தானா சரியாயிடும்" என்றேன். தேன் வைத்தால் இளகும் என்று என் மாமியார் சொல்லியிருந்தாள். இன்னும் இரண்டு தடவை வைத்தேன். எது வியாதியோ அதையே மருந்தாகக் கொடுத்திருக்கிறேன். இதை எழுதி நானே திரும்பப் படித்தால் வேறு யாரோ ஒரு பாவி எழுதியது போல இருக்கிறது.

அன்றைக்குக் காலையில் ஷீலா பால் கொடுக்க எடுத்தாள். பிள்ளை வாய் வைத்தது, இழுக்கவில்லை. இமை பாதிக்கு மேல் ஏறவில்லை. அழுதது, ஆனால் பூனைக்குட்டி முனகுகிற மாதிரிதான் சத்தம் வந்தது. தூக்கித் தோளில் போட்டால் ஈரத் துணி போலத் தலை தொங்கியது. நீ செருப்புக்கூடப் போடாமல் ஆட்டோ பிடிக்க ஓடினாய். ஸ்டெல்லா ஜீவனஹள்ளியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். டாக்டரம்மா பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே அதுதான்.

"தேன் ஏதாவது குடுத்தீங்களா? கிரைப் வாட்டர்ல கலந்து, நிப்பிள்ல தடவி, ஒரு சொட்டாவது?"

"இல்ல டாக்டர், கண்டிப்பா இல்ல" என்றாள் ஷீலா. நீயும் இல்லை என்றாய். டாக்டரம்மாவின் கண் எங்கள் இரண்டு பேர் பக்கம் வந்தது. ஸ்டெல்லா "இல்லீங்கம்மா" என்றாள். நான் ஜெபமாலையை எடுத்து உருட்ட ஆரம்பித்தேன். ஜெபம் செய்கிறவளை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மாதாவின் மணிகளை நான் அதற்குப் பயன்படுத்தினேன்.

அந்தப் பகல் முழுக்க அவர்கள் வேறு வேறு நோயைத் தேடினார்கள். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஜெனி வாயைத் திறந்து அழுதாள், சத்தம் வரவில்லை. அப்போதாவது நான் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஜெபமாலையின் அடுத்த மணியை உருட்டினேன். சாயங்காலம் டாக்டரம்மா திரும்ப வந்தார். "யாராவது தெரியாம குடுத்திருந்தாலும் பரவாயில்ல. நான் திட்ட மாட்டேன். தெரிஞ்சா வைத்தியம் பண்றது எங்களுக்குச் சுலபம்" என்றார். அப்போதுதான் வாயைத் திறந்தேன். "வீட்ல தேன் இருந்துச்சு டாக்டர். யாராவது தொட்டு வெச்சிருக்கலாம்" என்றேன்.

யாராவது! அது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் திகைப்பாகத்தான் இருக்கிறது. நீ சடக்கென்று திரும்பினாய். "அத்தை, நீங்க குடுத்த பாட்டில்தானே? மத்தியானம் ஷீலா தூங்கறப்ப நீங்கதானே வந்து பாப்பாவை வெச்சிட்டிருந்தீங்க?" என்று அந்த வராண்டாவே அதிரக் கத்தினாய். "நான் குடுக்கலப்பா. மாதா மேல சத்தியம், நான் குடுக்கல" என்றாள் அவள். அதற்குப் பிறகு, அன்றைக்கு ராத்திரி உனக்கும் ஷீலாவுக்கும் துணி எடுத்துவர நம் வீட்டுக்குப் போனவள் அவள்தான். மறுநாள் நீ வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மேல் தட்டில் அவள் கொடுத்த பாட்டில் இல்லை. "பாத்தியாம்மா, பாட்டிலை எடுத்து மறைச்சிட்டாங்க!" என்று என்னிடம் வந்து நின்றாய். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா? "வயசானவங்க, ஆசையில செஞ்சிருப்பாங்க. விடுப்பா, மன்னிச்சிடு" என்றேன். அவள் என்னைவிட ஆறு வயது சின்னவள். என் தப்பை அவள் பேரில் எழுதி, அதற்கு மன்னிப்பும் நானே வாங்கிக் கொடுத்தேன். என்னைப் போல நல்லவள் உண்டா என்று நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். தேன் வைத்ததைவிடப் பெரிய பாவம் அதுதான் என்று இப்போது தெரிகிறது.

ஒரு மாதத்துக்கு மேல் ஜெனி குழாயில் பால் குடித்தாள். சில நாள் மூச்சுக்கும் மெஷின். பிறகு ஒரு நாள் விரலைப் பிடித்தாள், இன்னொரு நாள் கழுத்து நின்றது. வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு டாக்டரம்மாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்: "ப்யூர் தேனா இருந்தாலுமா டாக்டர்?" அவர் சொன்னது இது: "தேனாலதான் வந்துச்சுன்னு அடிச்சு சொல்ல முடியாதும்மா. இந்த நோயைக் குடுக்கற கிருமியோட விதை மண்ணுல, தூசிலகூட இருக்கும். ஆனா நம்மளால தடுக்க முடியறது தேன்தான். ப்யூர் தேன்லயும் அது இருக்கலாம். நம்ம வயித்துல அது மொளைக்காது. கைக்குழந்தை வயித்துக்கு அந்தப் பலம் இன்னும் வரலை. காய்ச்சினாலும் வேகவெச்சாலும் அந்த விதை சாகாது." டம்ளர் தண்ணீர், செய்தித்தாள், தீக்குச்சி என்று மூன்று பரீட்சை வைத்தேனே, அந்த மூன்றும் இந்த ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. அப்படியானால் நீ? டேவிட்? ரீனா, பிரவீன்? உங்கள் எல்லார் நாக்கிலும் பிறந்த அன்றைக்கே வைத்தேனே! என் விரலால் வளர்ந்தீர்கள் என்று இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் விரலையும் மீறி வளர்ந்திருக்கிறீர்கள்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட மாட்டேன். என்னிடம் கேட்கலாமா என்று இனி உனக்குத் தோன்றலாம், ஆனாலும் சொல்கிறேன். கேக் பெரியவர்களுக்கு. ஜெனிக்கு வாழைப்பழத்தை மசித்துக் கொடு. ஒரு வயது முடிந்தாலும் இன்னும் ஒரு வருஷம் அவளுக்குத் தனியாக இனிப்பே தேவையில்லை என்று டாக்டரம்மா சொன்னார். கேக்குக்கு வெல்லப்பாகு ஊற்று. பளிச்சென்று மஞ்சளாக இருக்கிற வெல்லத்தை வாங்காதே, கறுத்ததை வாங்கு. உடைத்துப் போட்டு மூழ்குகிற அளவு தண்ணீர் விட்டுக் கரைந்ததும் வடிகட்டு. அடியில் எவ்வளவு மண் நிற்கிறது என்று ஷீலாவுக்கும் காட்டு. திரும்ப அடுப்பில் ஏற்றி, தேன் போலக் கெட்டியாவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிடு, ஆறும்போது தானே இறுகும். தண்ணீரில் விட்டால் உருண்டு வருகிற பதம் அதிரசத்துக்கு, கேக்குக்கு இல்லை. சூடான பாகைப் பாலில் ஊற்றினால் பால் திரிந்துவிடும், நன்றாக ஆறட்டும். பாகிலேயே தண்ணீர் இருப்பதால் மாவில் பாலைக் குறைத்துக்கொள். காய்ச்ச நேரம் இல்லை என்றால் இங்கே ஜோனி பெல்லம் என்று மலைநாட்டு வெல்லப்பாகு பாட்டிலில் வருகிறது; உங்கள் ஊரில் அதை காக்வி என்பார்களாம். பேரீச்சம்பழ சிரப் வாங்கினால் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படி, பேரீச்சம்பழத்தைத் தவிர வேறு பேர் இருந்தால் திரும்ப வைத்துவிடு. நீ படித்தவன், படி. என்னைப் போல டம்ளரில் தண்ணீர் கேட்காதே. போன வாரம் சந்தேகம் வந்து என் வெல்லப்பாகையே ஒரு சொட்டுத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். அதுவும் கரையாமல் அடியில் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்தது! நல்ல தேனில் எறும்பு வராது என்பேனே, அந்த மார்க்கெட் தேன் பாட்டிலைச் சுற்றி ஒரு வரிசை. எறும்புக்கு என்ன சர்டிபிகேட் படிக்கத் தெரியுமா?

பாகு ஆறின பிறகு உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வை. ஈரக் கரண்டி ஒரு தடவை போனால் போதும், நுரைத்துவிடும். புளித்த வாடை வந்தாலோ மேலே பூசணம் படர்ந்தாலோ மேலாக வழித்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதே, கொட்டிவிடு. தேனை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்காதே, சீக்கிரம் உறைந்துபோகும். உறைந்தால் கலப்படம் என்றும் கெட்டுவிட்டது என்றும் வீசாதே. வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும், அடுப்பில் மட்டும் ஏற்றாதே. மூடியை இறுக்கி வை, இல்லாவிட்டால் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேல், தேனைக் குழந்தை மருந்து வைக்கிற தட்டில் வைக்காதே. நான் இப்போது என் பாட்டிலில் காகிதம் ஒட்டி, "ஒரு வயதுக்குள் கூடாது" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதும். முன்பே எழுதியிருக்கலாம்.

முதலில் உனக்குத்தான் எழுத நினைத்தேன். பிறகு அதுவும் கோழைத்தனம் என்று தோன்றியது. நீ புனேயில் இருக்கிறாய், உன் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை. அதனால் ஞாயிறு பூசை முடிந்ததும் நேராக ஆட்டோ பிடித்து ஜீவனஹள்ளிக்குப் போனேன். ஸ்டெல்லா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த புடவை நழுவியது.

"என்னக்கா, பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"பாப்பா நல்லாருக்கா. ஸ்டெல்லா, பாப்பாவுக்குத் தேன் வெச்சது நான்."

"தெரியும்" என்றாள்.

எனக்கு அது காதில் ஏறவே இல்லை. "என்ன தெரியும்?" என்றேன் முட்டாள் மாதிரி.

"மொதல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க. தெருவே கேக்குது."

உள்ளே போனதும் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தாள். குடகு தேன். மூடியைச் சுற்றி அந்தப் பிளாஸ்டிக் சீல் அப்படியே இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே பாதித் தேன் வெள்ளையாக உறைந்திருந்தது. "துணி எடுக்க வந்தேன்ல, அன்னிக்குப் பாத்தேன். கிரைப் வாட்டர் பக்கத்துல உங்க டானிக் பாட்டில், மூடியெல்லாம் தேன் பிசுபிசுன்னு. என் பாட்டில் மேல, சீல்கூட ஒடைக்கல. அப்பவே புரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏண்டி காட்டல? வின்சென்ட் அந்தக் கத்து கத்தினானே!" அதட்டுகிற உரிமை எனக்கு இருப்பது போலக் கேட்டேன்.

"காட்டணும்னுதான் பையில போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தேன். பாப்பாவுக்கு என்ன ஆகுமோன்னு தெரியல. என் பொண்ணு மூலையில உக்காந்து அழுவுறா. பாப்பா பொழச்சு வந்தா அவ எந்த வூட்டுக்குப் போவணும்? உங்க வூட்டுக்கு. நீங்கதான் அவளுக்குச் சோறு போடணும். என் பேரு கெட்டா நான் ஜீவனஹள்ளில இருந்துப்பேன். உங்க பேரு கெட்டுதுன்னா உங்க மொகத்துக்கு முன்னாடி அவ எப்படிக்கா இருப்பா? அதான் பையைத் தொறக்காமலே திரும்பிட்டேன்."

எட்டு மாதமாக நான் ஒன்றை மறைத்துவைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வின்சென்ட். எட்டு மாதமாக ஒருத்தி என்னை மறைத்துவைத்திருக்கிறாள். "என்னை மன்னிச்சிடு ஸ்டெல்லா" என்றேன்.

"அதெல்லாம் ஃபாதர்கிட்ட கேட்டுக்கோங்க" என்றாள். அவள் குரல் உயரவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "எனக்கு எட்டு மாசம் போச்சுக்கா. பாப்பா எப்போ குப்புற விழுந்தா, எப்போ தவழ்ந்தா, பல்லு மேல மொளைச்சுதா கீழ மொளைச்சுதா, எனக்கு யாரு சொன்னா? உங்க மருமவ போன் பண்றா. பாப்பாவைக் காட்டுடின்னா, அவரு கோச்சுக்குவாரும்மான்னு அழுவுறா. இத யாரு வந்து எனக்குத் திருப்பிக் குடுக்கறது?" சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஞானஸ்நானத்தன்று எடுத்த ஜெனியின் போட்டோ இருந்தது. அந்த வீட்டில் அவள் இன்னும் மூன்று மாதக் குழந்தைதான்.

கை பழக்கத்தில் அந்தப் பாட்டிலை எடுத்து, "ஒறஞ்சிருக்கு, வெந்நீர்ல வெச்சு எளக்கித் தரட்டா? டீயில போட்டு..." என்றேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "அதைத் தொடாதீங்க. உங்க மவன் வந்து அவன் கையால சீலை ஒடைக்கட்டும்" என்று திரும்ப அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். பிறகு, வெயில் ஏறிவிட்டது, மோர் குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். குடித்தேன்.

ஆகவே இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கோபம் வந்தால் அடக்காதே. முழுசாகக் கோபப்படு, ஆனால் இந்தத் தடவை சரியான ஆள் மேல் கோபப்படு. என் மருமகளிடம் சொல்: அவள் தமிழில் சொன்னதை நான் கேட்டேன், புரிந்துகொண்டேன், மீறினேன். அவள் அம்மா மேல் ஒரு சொட்டுத் தப்பு இல்லை. பிறந்தநாளுக்கு ஸ்டெல்லாவை நீயே போன் செய்து கூப்பிடு, டிக்கெட் போட்டு அழைத்துக்கொள். அவள் வந்து சேர்வதற்கு முன்னால் நான் அங்கே வந்து நிற்க மாட்டேன். அவள் வேண்டாம் என்றால் ஜீவனஹள்ளிக்கு நீ வா. அரிசி டின்னுக்குப் பின்னால் பாட்டில் இருக்கிறது, தேன் அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகாது. சேனைப் பேச்சை இனி என் வாயிலிருந்து யாரும் கேட்க மாட்டார்கள். ஜெனிக்கு யார் குணம் வேண்டும் என்று யாராவது கேட்டால், ஜீவனஹள்ளியைக் காட்டு.

கடைசியாக ஒன்று. ஜெனியைப் புதிதாக ஒரு போட்டோ எடு. அவள் சிரிக்கும்போது, பல் தெரிகிற மாதிரி எடு. போனில் அனுப்பாதே. கடையில் கொடுத்துப் பெரிதாகப் போட்டு, மடங்காமல் அட்டை வைத்துத் தபாலில் அனுப்பு. கவர் மேல் ஜீவனஹள்ளி விலாசத்தை எழுது. எனக்கு வேண்டாம். அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறேன், அவள் உள்ளே விட்டால்.

உன் அம்மா